பதினொன்றே முக்காலுக்கு அடித்த பதினொரு மணி

வாக்குமூலம் அளிப்பவர்: மார்லிஸ் ஸ்கோக்ஸ்டாட். கணவர் பெயர்: ஆர்விட். வயது: 68. முகவரி: ஏரிக்கரைச் சாலை, ஹெரான் பே, மின்னசோட்டா. பள்ளி அலுவலக எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர்.

நான் மேற்கண்ட முகவரியில் என் கணவருடன் குடியிருந்து வருகிறேன். அவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டதால் திங்கள், புதன், வெள்ளியில் டயாலிசிஸ் செய்ய வேண்டும். அதற்கான வேன் மதியம் பன்னிரண்டேகாலுக்கு வரும். வேறு நோயாளிகளையும் ஏற்ற வேண்டியிருப்பதால் காத்திருக்காது. கடந்த ஜனவரியில் பனிப்புயலால் ஒரு முறை தவறியபோது அவர் மூச்சுவிட முடியாமல் ஆம்புலன்ஸில் போக நேர்ந்தது.

வேன் வரும் நாட்களிலும், உறைந்த ஏரியில் துளை போட்டு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து மீன் பிடிப்பதை விடமாட்டேன் என்றார். எங்களுக்குள் சண்டை வந்து, அதன் பிறகு ஓர் உடன்பாடு ஏற்பட்டது. "சர்ச்சுல பன்னெண்டு அடிக்கிற வரைக்கும் நான் என் ஆளு. அடிச்சப்புறம் உன் ஆளு, எங்க வேணா இழுத்துட்டுப் போ" என்றார். அதை அவர் மீறியதில்லை.

மேற்படி தேவாலயத்தில் ஒலிபெருக்கி வழியாக மணியை அடிப்பது ஒரு கணினி. இந்த 2007ஆம் ஆண்டு அரசாங்கம் தேதியை மாற்றியதால் கோடைக்கால நேரம் வழக்கத்துக்கு மூன்று வாரம் முன்பாகவே, மார்ச் 11 ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. ஊரில் எல்லாரும் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தோம். கணினி பழையது, அதற்குப் பழைய தேதிதான் தெரியும். அன்று பகல் ஒரு மணிக்கு அது பன்னிரண்டு அடித்தது. அதன் பிறகு பாதிரியார் லுண்டீனைத் தேடினேன். பேரக்குழந்தை பிறந்திருப்பதாக வெளியூர் போய்விட்டார், போனை எடுக்கவில்லை. அதன் பிறகு, தேவாலயத்துக்கு எதிர்வீட்டில் இருக்கும் நிர்வாகி வெர்னான் ரூடிடம் சாவி கேட்டேன்.

"ஒரு மணி நேரத்துக்கா இந்தக் குதி குதிக்கிற? கடவுள் கோவிச்சுக்க மாட்டாரு, மார்லிஸ்."

"கடவுள் காத்திருப்பாரு வெர்னான். வேன் டிரைவர் காத்திருக்க மாட்டான்."

"பாதிரியார் சொல்லாம சாவி தர முடியாது. போன தடவை உங்க பொம்பளைங்க கூட்டம் காபி அடுப்பையே அணைக்காமப் போச்சு!"

மறுநாள் திங்கட்கிழமை காலை ஏரிக்குப் போய் என் கணவரிடம் மணி தாமதமாக அடிக்கும் என்றேன். "நேரத்தை மாத்தின அரசாங்கமே டயாலிசிஸுக்குப் போகட்டும். பேச்சுன்னா பேச்சு" என்றார். கையுறைக்குள் நுழையாத அளவுக்கு அவர் விரல்கள் வீங்கியிருந்தன. ஆனால் அந்த வாளிமேல் இருக்கும்போது மட்டும் அவர் முகம் நோயாளியின் முகமாக இருப்பதில்லை. அதனால் நான் வற்புறுத்தவில்லை.

அதன் பிறகு தேவாலயத்தின் பக்கவாட்டுக்குப் போனேன். அடித்தளச் சமையலறைச் சன்னல் வரை பனி குவிந்திருந்தது. பனி வழிக்கும் தகட்டால் கொக்கியை நெம்பியதில் அது உடைந்தது. தலையை முதலில் விட்டு, பாத்திர மேசைமேல் இறங்கினேன். என் கால்கள் வெளியே இருந்தபோதே வெர்னான் போலீஸுக்குப் போன் செய்துவிட்டதாகப் பின்னர் அறிந்தேன்.

அதன் பிறகு அலுவலக அறையில் கணினியைப் பார்த்தேன். என் கைக்கடிகாரத்தில் பதினொன்றே முக்கால், கணினியில் பத்தே முக்கால். ஏப்ரலில் பழைய வழக்கப்படி அது தானாக இன்னொரு மணி நேரம் தாவிவிடும் என்பதால், தானே மாற்றிக்கொள் என்ற கட்டத்திலிருந்த டிக்கை முதலில் எடுத்தேன். அதன் பிறகு நேரத்தைத் திருத்தினேன். தவறவிட்ட மணியை ஈடுகட்ட நினைத்ததோ என்னவோ, உடனே அது ஊரே கேட்கப் பதினொரு முறை அடித்தது. நிறுத்த வழி தெரியாமல் ஒலிபெருக்கிப் பெட்டியின்மேல் என் கோட்டைப் போட்டு அமுக்கிக்கொண்டு நின்றேன். அந்த நிலையில் ஷெரிப்பின் துணை அதிகாரி டேல் நியெமி, வெர்னானுடன் உள்ளே வந்தார். அவர் எங்கள் பள்ளியில் படித்தவர்.

"அம்மா, நீங்களா! கையைத் தூக்க வேணாம், கோட்டை எடுத்தாப் போதும்."

"பன்னெண்டு அடிக்கட்டும்பா டேல், அப்புறம் எங்க வேணா வர்றேன்" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். வெர்னான் உட்காரவில்லை.

பன்னிரண்டு அடிப்பதற்குள் வாசலில் பூட்ஸைத் தட்டும் சத்தம் கேட்டது. மீசையில் பனியோடு என் கணவர் நின்றார். உடன்பாட்டு நேரத்துக்கு முன்னதாக அவர் ஏரியை விட்டு வந்தது அதுவே முதல் தடவை.

"இன்னும் மணி அடிக்கலையே?" என்றேன்.

"பத்து அடிச்சுக் கொஞ்ச நேரத்துல பதினொண்ணு அடிச்சா வேற யாரா இருக்கும்? மணியோடயே சண்டைக்குப் போறவ இந்த ஊர்ல நீ ஒருத்திதான். வா, வேன் வந்துரும்" என்றார்.

அதன் பிறகுதான் மணி பன்னிரண்டு அடித்தது. போலீஸ் வண்டியிலேயே வீடு போய்ச் சேர்ந்தோம். வேன் கிடைத்தது.

சன்னலை நெம்பி உள்ளே நுழைந்ததை ஒப்புக்கொள்கிறேன். அதற்காக வருந்துகிறேனா என்று கேட்கப்பட்டது. கொக்கிக்காக வருந்துகிறேன். வேறு எதற்கும் இல்லை.

நடந்ததை நடந்தபடியே சொன்னேன். எழுதியதைப் படித்துக்காட்டக் கேட்டேன். "வேறு எதற்கும் இல்லை" என்பதைக் கோடிட்டு அடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) மார்லிஸ் ஸ்கோக்ஸ்டாட்