படிப்படியாய் இறங்கிய கிராப்பு

பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பாப்பாரப்பட்டி பஸ் தருமபுரியில் நின்று அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் இருந்தவரின் பிடரியை அவர் பக்கத்து ஆள் வெகுநேரம் பார்த்தார்.

"கிராப்பு படிப்படியா அழகா எறங்குதுங்க. யாரு வெட்டுனது?"

"வூட்ல நானேதாங்க. எங்கெணத்துல எல்லாரும் தண்ணி மொள்ளட்டும்னு வுட்டேன். ஊரு என்னைத் தள்ளி வெச்சிருச்சு. நாவிதரு தொடவும் கூடாது, எங்கூடப் பேசவும் கூடாது."

"பின்னந்தல எப்படிங்க கண்ணுக்குத் தெரியும்?"

"நாவிதருதான் தொழுவத்துகிட்ட வந்து நின்னு வழி சொன்னாரு."

"பேசக் கூடாதுன்னீங்களே?"

"எங்கூட எங்கீங்க பேசுனாரு? எங்க எருமையப் பாத்து, 'இன்னுங் கொஞ்சம் மேல வெட்டுங்க, போதும், நிறுத்துங்க'ன்னு அதுகிட்டதான் சொன்னாரு."