வலது முன்சக்கரம்

தொட்டுப் பாரு லா தம்பி, கடிக்காது. போனட்டத் தூக்குனா மொதல்ல அந்தக் கம்பிய முட்டுக் குடு, அப்பறம் குனி. மண்டையில விழுந்துரும். எட்டு மாசமா இந்த எடத்துலயேதான் நிக்குது. வாரத்துக்கு ஒருக்கா நான்தான் சாவியத் திருப்பி ஒரு பத்து நிமிசம் எஞ்சின ஓட விடுவேன். ஓட்டல்லாம் தெரியாது. நமக்கு ஆட்டோ கியர்தான் ஆகும்.

ஆன்ட்டி வேணாம், அக்கான்னே கூப்புடு. கமலவேணி, விமலன் சம்சாரம்.

ஆமா, அடிபட்டது முன்னால வலது பக்கந்தான். மறைக்கல. மட்கார்டு புதுசு. கதவு வேற காடியோடது, அதான் சாயம் லேசா மாறித் தெரியுது. உள்ள ஆர்மு, டிஸ்க்கு எல்லாத்தையும் செங் டவுன்ல பட்டறை வச்சிருக்குற நம்ம ஃபோர்மன்கிட்ட விட்டு மாத்திட்டோம். எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகல. ரெண்டு சீட்டுக் காடி, இந்த மாதிரி சுத்தமா இப்ப எங்க கெடைக்குது?

கேளு. என்னமோ கேக்க வந்துட்டு முழுங்குற.

ஓ. வாட்சாப் குரூப்புல படிச்சியா. இவரு கூட ஓட்டுற புவனேந்திரன் போட்டதுதானே? விமலன் ரிம் நட்ட முடுக்காம ரேஸ் டிராக்ல எறங்கிட்டான், ரெண்டாவது ரவுண்டுல சக்கரம் கழண்டுக்கிச்சு, காடிக்கு முன்னால டயரு ஜெயிச்சிருச்சுன்னு. கீழ வாயப் பொத்திச் சிரிக்கிற பொம்மைங்க வேற. எம்மவ ஷாமினி காட்டுனா. எண்ணிப் பாத்தேன், பதினேழு பொம்ம.

அதான் உனக்குப் பயம். நட்டையே மறந்த ஆளு காடியில இன்னும் என்னத்தையெல்லாம் மறந்து வச்சிருக்காரோன்னு. இல்லல்ல, நீ கேட்டது சரிதான். மஸ்ஜித் தானாலேருந்து லோரியும் புடிச்சி வந்திருக்க. கேக்காம எப்புடி ஏத்துவ.

இங்க வா. இந்தத் தூணப் பாரு. சாக்பீஸ்ல எழுதியிருக்குல்ல, அது காத்து. டிராக்குக்குப் போறப்ப காத்தக் கொறச்சு வைக்கணுமாம். ஓட ஓட டயரு சூடாகி உள்ள காத்து தானா ஏறிக்கும். போறப்ப எவ்ளோ, ஓடி வந்து நிக்கறப்ப எவ்ளோ, நாலு டயருக்கும் எழுதி வச்சிருக்காரு. நான் சாயம் அடிக்கணும்னு சொன்னாலும் இந்தத் தூண மட்டும் விட்டுருன்னுவாரு. பிரேக் எண்ணெய் இருக்கே, ஒவ்வொரு தடவையும் புதுசு. பழசா இருந்தா கொதிச்சுரும், மிதிச்சா பெடலு பஞ்சு மாதிரி உள்ள போயிரும்பாரு. பழசு வெளிய போக நான்தான் உள்ள உக்காந்து மிதிப்பேன். மிதி, புடி, விடு. மிதி, புடி, விடு. அவரு கீழ படுத்துக்கிட்டுச் சொல்லுவாரு. சீரியல் ஆரம்பிச்சிருக்கும், நான் வாயில திட்டிக்கிட்டே மிதிப்பேன். எதுக்குடி பெடலு மேல கோவத்தக் காட்டுறங்குவாரு.

அப்பறம் உள்ள இருக்கற சாமானெல்லாம் எடுக்கணும். கால்மிதி, தண்ணி போத்தல், டோல் கார்டு. டேஷ்போர்டுல ஒட்டியிருக்குற பிள்ளையாரக்கூட பேத்து என் கையில குடுத்துருவாரு. வளைவுல பறந்து வந்து மூஞ்சில அடிக்குமாம். சாமியே வந்து அடிச்சா கேஸ் போட முடியாது பாருன்னுவாரு. இதெல்லாம் மறக்குற ஆளு செய்யற வேலயா, சொல்லு.

ஒரே ஒரு தடவ. அத ஒத்துக்கிறேன். ஓடிட்டுத் திரும்பி வர்றப்ப கிளேபாங்ல தேங்கா ஷேக் குடிக்க நிறுத்துவோம். டிஸ்க்கு நெருப்பா இருக்கும், ஹேண்ட்பிரேக் போட்டா ஒட்டிக்கும்னு போட மாட்டாரு. டயருக்கு அண்டக் குடுக்க கல்லு எடுத்தாறது என் வேல. அன்னிக்கு நான் கியூவுல போயி நின்னுட்டேன். காடி மெதுவா உருண்டு போயி கடக்காரம்மா நாக்காலிய இடிச்சிருச்சு. அந்தம்மா போட்ட சத்தம் இருக்கே! ஆனா அது எம்மேல தப்பு. அவரு மேல இல்ல.

அவரா? ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு. ஷாமினி கூட்டிட்டுப் போயிருக்கா. வலது காலு முட்டிக்குக் கீழ இல்ல தம்பி. குரூப்ல அதப் போடலயா?

ம்.

இப்ப செயற்கைக் கால் வச்சு நடக்கச் சொல்லிக் குடுக்குறாங்க. செவ்வாக்கெழம, வெள்ளிக்கெழம. பன்னெண்டுக்குள்ள வந்துருவாங்க. தான் வர்றதுக்குள்ள காடி போயிருக்கணும்னு சொல்லிட்டுப் போனாரு. அதான் உன்ன ஒம்போதுக்கே வரச் சொன்னேன். அவசரப்படுத்தல. நீ நல்லாப் பாரு.

அவருகிட்ட போன்ல கேட்டுக்கிறியா? கேளு. மறந்துட்டேன்னுதான் சொல்லுவாரு. போலீஸ்ல அதான் எழுதிக் குடுத்தாரு. வேல செய்யற எடத்துல அதான் சொன்னாரு. புவனேந்திரன் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிட்டு வந்தாரு, அவருகிட்டயும் அதான். எங்கிட்டயும் அதான் சொன்னாரு. ஆப்பரேசன் முடிஞ்சு கண்ணு முழிச்ச அன்னிக்கு, நர்சு வெளிய போனதும், நான் வாயத் தெறக்கறதுக்கு முன்னாடி. மறந்துட்டேன் வேணி, விடுன்னாரு. அதுக்கப்பறம் நாங்க அதப் பத்திப் பேசவேயில்ல.

பேசுறோம் லா. ஏன் பேசாம? என்ன கொழம்பு, பில்லு கட்டியாச்சா, எல்லாம் பேசுறோம். இதத்தான் பேசல.

அவரு மறக்கல தம்பி. கேட்டாரு.

போன வருசம் ஆயுத பூஜை வெள்ளிக்கெழம வந்துச்சு. மறுநாள் சனிக்கெழம இவங்களுக்கு டிராக். சாயந்தரம் ஏழு மணிக்கு நான் பூஜை போட்டுட்டேன். அவரு டூல் பாக்ஸ் மொத்தத்தையும் கழுவித் தொடச்சு, ஷாமினி லேப்டாப்பு, என் தையல் மெசினு, எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வச்சு, காடிக்கும் மாலையப் போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சாச்சு. எட்டர மணிக்கு டயர் கடக்காரன் வந்து நிக்குறான். டிராக் டயர ரிம்ல போட்டு அன்னிக்கு மத்தியானமே தாரேன்னவன். சரின்னு இவரு காடியில கெடந்த ஜாக்கி, அந்தக் குட்டி ஸ்பேனரு, அத வச்சு நாலையும் மாத்திட்டாரு. எலுமிச்சம்பழத்த எடுத்துட்டு, மாத்திட்டு, திரும்ப அதே எடத்துல வச்சாரு. நான் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்.

அப்பறம் கையக் கழுவிட்டு உள்ள வந்து, வேணி, அந்த டார்க் ரெஞ்ச மட்டும் எடுத்துக்கிறேன்னாரு. உனக்குத் தெரியுமே, அந்த நீளமான ஸ்பேனரு. நூத்திப் பத்துல வச்சு முடுக்குனா, நட்டுக்கு முடுக்கு சரின்னு டிக்குன்னு சத்தம் குடுக்கும், அந்தச் சத்தம் கேட்டாத்தான் அவருக்குத் தூக்கமே வரும். அது தட்டுல இருந்துச்சு, சரஸ்வதி படத்துக்கு நேரா. நான் குடுக்கல.

பூஜையில வச்சத அன்னிக்கி ராத்திரி எடுக்கக் கூடாது. காலையில குளிச்சு மறுபூஜை போட்டு, சூடம் காட்டிட்டுத்தான் எடுக்கணும். எங்கப்பா ரப்பர் பாலுக்கு மரம் வெட்டுற கத்திய வச்சாருன்னா, மறுநாள் எங்கம்மா எடுத்துக் குடுக்குற வரைக்கும் தொட மாட்டாரு, தோட்டத்துக் கிராணி வந்து கத்துனாலும் சரி. எனக்கு அதுதான் தெரியும். வருசம் பூரா தொடுற சாமான ஒரு ராத்திரி தொடாம இருக்க முடியாதான்னு கேட்டேன். அஞ்சு மணிக்கு எழுப்புங்க, சூடம் காட்டி எடுத்துத் தாரேன்னேன். சரிங்க பூசாரியம்மான்னு கும்புடு போட்டுட்டுப் போயிப் படுத்துட்டாரு. சிரிச்சுக்கிட்டேதான்.

எழுப்பல. ஏன்னு தெரியல. தூங்கட்டும்னு விட்டுருப்பாரு. அன்னிக்குப் பூரா நான் நின்னபடி பலகாரம் சுட்டேன்ல. முழிச்சுப் பாத்தா மணி ஆறர. வெளிய வந்தா காடி இல்ல. நாலு எலுமிச்சம்பழமும் நசுங்கிக் கெடக்கு.

அங்க போயி புவனேந்திரன்கிட்ட ரெஞ்ச் வாங்கிப் பாத்துக்கலாம்னு நெனச்சிருக்காரு. மெசேஜ்கூட போட்டிருக்காரு, அப்பறமா போன்ல பாத்தேன். கொஞ்சம் சீக்கிரம் வா டா, ரெஞ்ச் கொண்டாந்துரு, நான் எடுத்தாறலன்னு. அந்தாளு வந்ததே பத்து மணிக்கு. இவர மொத பேட்ச்சுல கூப்ட்டுட்டாங்க. கையால முடுக்குனதே போதும்னு எறங்கியிருப்பாரு. மழ வேற வர்ற மாதிரி இருந்துச்சாம், எல்லாரையும் வெரட்டியிருக்காங்க.

எடுத்தாறலன்னுதான் போட்டிருக்காரு, பாத்தியா. எம்பொண்டாட்டி குடுக்கலன்னு போடல.

ரெஞ்சு இன்னும் சாமி ரூம்லதான் இருக்கு. நான் எடுக்கல, அவரும் கேக்கல. ஒனக்கு வேணும்னா தாரேன், காடியோட சேந்த சாமான்தானே. வேணாமா. சரி.

நீ குரூப்ல போடணும்னா போட்டுக்க. எம்பேரு போட்டே போடு. வேணாம்னு தோணுச்சுன்னா விடு. ஆனா காடிய நம்பி எடு தம்பி. இதுல அவரு மறந்தது ஒண்ணுமில்ல.

எடுத்துக்கிறியா? நல்லது. லோரிக்காரரு பலகைய எறக்கிட்டாரு போலருக்கு. நீயே ஏத்திரு, அவங்க கைக்குப் பழக்கமிருக்காது. கதவ லேசாத் தூக்கித் தெற. ம், உக்காரு. கிளட்ச மிதிச்சுக்கிட்டே சாவியத் திருப்பணும். என்ன, எட்டலயா? சீட்டு ரொம்பப் பின்னால இருக்கு, அவரு வச்ச எடம். நான் நுனியில உக்காந்துதான் மிதிப்பேன். உன் தொடைக்குக் கீழ கம்பி ஒண்ணு இருக்கும் பாரு, அதத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு முன்னால நகரு. துருப்புடிச்சிருக்கும், நல்லா இழு. இரு, நான் பின்னாலேருந்து தள்ளுறேன். ம். இன்னும் கொஞ்சம். இப்ப எட்டுதா?