நாற்பத்தேழு பேர் இருந்த வீடு

ஏணியில் ஒருவர் ஏறும்போது கீழே இன்னொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் கம்பெனி விதி. அன்றைக்குப் பிடிக்க ஆளில்லை. ஒரு கையில் கடப்பாரையோடு தனியாகத்தான் ஏறினேன். மூன்றாவது குத்தில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பிளந்தது. அதற்குள் தெருக்காரர்கள் இரண்டு பேர் ஓடிவந்து கூரை மேல் ஏறிவிட்டார்கள். ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே குதித்தேன். நான் தூக்கிக் கொடுக்கக் கொடுக்க அவர்கள் வாங்கினார்கள். மொத்தம் பதினான்கு பேர். ஐந்து பேருக்குத்தான் மூச்சு இருந்தது.

மறுநாள் பேப்பரில் என் படம் வந்தது. ஓய்வுபெற்ற தொழிலாளி உயிரைப் பணயம் வைத்தார் என்று தலைப்பு. பெயர் யேசுதாஸ், வயது அறுபத்தொன்று. அந்த இரண்டும் சரி. மற்றதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன்.

கல்பனா மேடம், நீங்கள் இந்த ஸ்டேஷனுக்கு இன்ஸ்பெக்டராக வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். ரைட்டர் நிதானமாக எழுதிக்கொள்ளட்டும். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

எங்கள் நகர் இருக்கும் இடம் முழுக்க ஒரு காலத்தில் பூவராகவன் குடும்பத்து நெல் வயல். என் அப்பா அந்த வயலில் கூலி. அவர் பூவராகவனின் அப்பாவை 'ஆண்டே' என்று கூப்பிட்டார். நான் பூவராகவனை 'அண்ணா' என்று கூப்பிடுகிறேன். நடுவில் கும்மிடிப்பூண்டிக்கு சிப்காட் வந்தது, அவ்வளவுதான். அப்பா கதிர் அறுத்த வயலிலேயே நான் காசு கொடுத்து மனை வாங்கினேன். பத்திரத்தில் பூவராகவனே ஒரு நிபந்தனை எழுதியிருந்தார். தரைத்தளமும் ஒரு மாடியும்தான் கட்டலாம். ஒரு மனையில் ஒரு குடும்பம்தான் இருக்கலாம். அந்த வரியைப் படித்துவிட்டு என் மனைவி ஹெலன் அழுதாள். குடிசையில் பதினோரு பேரோடு படுத்து வளர்ந்தவள் அவள்.

கடைசி மனையைப் பூவராகவன் தனக்கென்று வைத்துக்கொண்டார். எங்கள் வீட்டுக்கு எதிர்மனை. அதில் மூன்று மாடி எழுப்பினார். கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கான்டிராக்டர் ஒருவரோடு பேசி ஒடிசாக்காரர்களைக் குடிவைத்தார். ஒரு பாய்க்கு இரண்டு பேர். பகல் ஷிப்டுக்காரன் எழுந்து போனதும் இரவு ஷிப்டுக்காரன் வந்து அதே பாயில் படுப்பான். பாய் ஆறுவதே கிடையாது.

செப்டிக் டேங்க் நிரம்பித் தெருவில் ஓடியது. எங்கள் போர்வெல் தண்ணீரில் வாடை அடித்தது. ஹெலனுக்கு முழங்கை வரை சிரங்கு. நான் போய்க் கேட்டேன்.

"இன்னாணா, நீயே பத்திரத்துல எழுதினே. நீயே மூணு மாடி கட்டிக்கினு கீறியே."

"அது வாங்குறவனுக்குப் போட்ட கண்டிஷன்பா. விக்கிறவனுக்கு இல்ல" என்று சிரித்தார்.

"தெருவே நாறுதுணா."

"என் நெலம், என் பட்டா, என் ஊடு. நான் மாட்டைக் கட்டுவேன், மனுசனக் கட்டுவேன். உனுக்கு இன்னா பேஜாரு?" அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "சரி யேசு, நாளிக்கே எல்லாரையும் காலி பண்ணிடறேன். உன் மேல் ஊடு சும்மாதானே கிது? நாலு பேரை நீ வெச்சிக்க. இந்தத் தெருவுல எவனாச்சும் ஒருத்தன் அவனுங்களுக்கு ஊடு தர்றேன்னு சொல்லட்டும், நான் மீசைய எடுத்துக்கினு நிக்கிறேன்."

இதை மறைக்க வேண்டியதில்லை. என் மாடி காலியாகத்தான் இருந்தது. மகன் பீட்டர் கத்தாரிலிருந்து பணம் அனுப்பிக் கட்டியது. அவன் திரும்பி வரும்வரை பூட்டி வைத்திருந்தேன்.

எதிர்வீட்டில் இருந்த தபன் என்பவன் ஒருமுறை அந்த மாடியைக் கேட்டான். நாற்பது வயது இருக்கும். கஞ்சம் மாவட்டத்துக்காரன். நான் வேலை பார்த்த கம்பெனியிலேயே பேக்கிங்கில் கான்டிராக்ட் ஆள். மனைவியைக் கூட்டி வர வேண்டும், வாடகை சரியாகத் தந்துவிடுவேன் என்றான்.

"சும்மா பூட்டிக்கினு கெடக்குது. அந்த மனுசன் குடும்பத்தோட இருந்துட்டுப் போட்டுமே. உனுக்கு இன்னா கொறஞ்சிடும்?" என்று ஹெலன் கேட்டாள்.

ஒரு மனைக்கு ஒரு குடும்பம் என்று நான் சொன்னேன். எதிர்வீட்டுக்காரர் மேல் மனு கொடுத்துவிட்டு நானே விதியை மீறினால் என்ன நியாயம்? தபன் புரிந்துகொண்டான். "பரவால்ல யேசு சார்" என்றான். கோபப்படத் தெரியாதவன்.

மனு கொடுத்தேன் என்றேன் அல்லவா, பேரூராட்சி ஆபீசில் மூன்று முறை கொடுத்தேன். மூன்றிலும் ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தேன். 'முன்பக்கம் தீப்பிடித்தால் இத்தனை பேரும் வெளியேற வழியில்லை, உயிர்ச்சேதம் நிச்சயம்.' முன்வாசலை ஒட்டிச் சமையல் அடுப்புகள், அதன் மேலேயே மாடிப்படி. கீழே பின்பக்கம் ஷீட் போட்டு மூடிய ஒரு நடை, அதன் கோடியில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு இரும்புக் கேட். அந்த நடையில் பூவராகவன் ஃபோம் கழிவு மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார். எந்த ஆபீசருக்கும் அதைப் படித்தால் புரியும்.

மூன்று முறையும் ஆபீசர் வந்தார். மூன்று முறையும் முதல் நாளே சேதி கசிந்துவிட்டது. ஜீப் தெருமுனையில் திரும்பும்போது, பாயைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் பின்கேட் வழியாக ஏரிக்கரைத் தைலத்தோப்புக்குப் போய்விடுவார்கள். ஆபீசர் உள்ளே போனால் ஆறு பேர், நான்கு கட்டில். மூன்றாவது முறை அவர் வெளியே வந்து என்னைப் பார்த்து, "பெரியவரே, கண்ணாடி மாத்துங்க" என்றார். பக்கத்தில் பூவராகவன் இளநீரோடு நின்றுகொண்டிருந்தார். தெருவே சிரித்தது.

அப்போதுதான் எனக்கு எண்ணிக்கைதான் பிரச்சினை என்று புரிந்தது. நாற்றத்தை மறுக்கலாம், சிரங்கை மறுக்கலாம். எண்ணி எழுதிய தலையை மறுக்க முடியாது.

மேடம், நான் இருபத்தாறு வருடம் கம்பெனியில் சேஃப்டி பிரிவில் இருந்தவன். மாதம் ஒரு தீயணைப்பு ஒத்திகை நடத்துவேன். மணி அடித்ததும் எல்லோரும் மைதானத்துக்கு வந்து இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும். மெயின் கேட்டைச் சாத்திப் பூட்டிவிடுவோம். தலையை எண்ணி, அது ரிஜிஸ்டரோடு ஒத்துப்போன பிறகுதான் கேட் திறக்கும். நடுவில் முதலாளியே வந்தாலும் திறக்காது. ஒடிசாக்காரர்களுக்கு முதலில் இது பிடிபடவில்லை. அவர்களுக்காகத் தபனுக்குத் தமிழில் எண்ணச் சொல்லிக்கொடுத்தேன். அதன் பிறகு எங்கள் பிளான்ட்டிலேயே ஒழுங்கான வரிசை அவனுடையதுதான்.

அவனிடம் எதிர்வீட்டு எண்ணிக்கையைக் கேட்டேன். சரியான எண் ஆபீசரிடம் போனால் ஆளுக்கொரு பாயாவது கிடைக்கும் என்று சொன்னேன். அதை நான் நம்பித்தான் சொன்னேன். ஒரு வாரம் கழித்து வந்து, "நாப்பத்தேழு, சார்" என்றான்.

பிறகு நாளைத் தேர்ந்தெடுத்தேன். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாள். அன்றைக்குக் கம்பெனிகள் ஓடாது, இரண்டு ஷிப்டும் வீட்டில் இருக்கும். புதிதாக வந்திருந்த ஆபீசரிடம் நேரில் போய்ச் சொன்னேன். பதினொன்றரைக்கு வருவதாக ஒப்புக்கொண்டார். சேதி கசியாமல் இருக்காது என்று தெரியும். அதனால் பதினொரு மணிக்குப் பின்கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டினேன்.

பூட்டு என்னுடையது, மேடம். இந்தப் பையில் இருக்கிறது. சங்கிலியும் இருக்கிறது.

கேட்டில் சங்கிலி தொங்கியதைத் தெருக்காரர்கள் பார்த்தார்கள், ஆனால் பூட்டியது யார் என்று யாருமே என்னைக் கேட்கவில்லை. வீடு பூவராகவனுடையது, கேட் அவருடையது, அப்படியானால் பூட்டும் அவருடையதுதான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். 'நான் பூட்டவில்லை' என்று அவர் கத்துவதை நீங்களும் நம்பவில்லை. அவரை உள்ளே வைக்க வேறு காரணங்கள் இருக்கின்றன. இந்தக் காரணத்துக்காக வைக்க வேண்டாம்.

முன்பக்க அடுப்பில் கேஸ் ட்யூப் பற்றிக்கொண்டது. மாடியில் இருந்தவர்கள் இரண்டாவது மாடி வராந்தாவிலிருந்து பக்கத்து வீட்டு மொட்டைமாடிக்குத் தாவிவிட்டார்கள். வாசலுக்கு அருகில் இருந்தவர்கள் தெருவுக்கு ஓடினார்கள். கீழே உள்ளறைகளில் இருந்த பதினான்கு பேர் பின்நடைக்கு வந்தார்கள். புகையைப் பார்த்ததும் பூட்டைத் திறந்தேன். அந்தக் கேட் உள்பக்கமாகத் திறப்பது. தள்ளினேன், நகரவில்லை. கேட்டோடு ஒட்டி ஆட்கள் இருந்தார்கள். அதனால்தான் ஏணி.

உங்கள் ஸ்டேஷன் பேப்பரில் அந்த வீட்டில் குடியிருந்தவர்கள் பத்தொன்பது பேர் என்று இருக்கிறது. அது கான்டிராக்டர் கொடுத்த பட்டியல். பிழைத்தவர்களை அவர் அன்று சாயங்காலமே ரயில் ஏற்றிவிட்டார். செத்த ஒன்பது பேரில் மூன்று பேர் அந்தப் பட்டியலில் இல்லை. தபன் அந்த மூன்றில் ஒருவன்.

அவன் மனைவி சபிதா வந்து ஐந்து நாள் ஆகிறது. ஆஸ்பத்திரியில் முகத்தைப் பார்த்து இவர்தான் என்கிறாள். அங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் கொண்டுவா என்கிறார்கள். அப்படி ஒரு ஆள் அந்த வீட்டில் இருந்ததே இல்லை என்று கான்டிராக்டர் சொல்கிறார். உடலைக் கொடுக்க மாட்டோம் என்கிறார்கள். ஹெலன் என்னைக் கேட்காமலே மாடியைத் திறந்து அவளைத் தங்கவைத்திருக்கிறாள். தினமும் காலையில் சபிதா கீழே இறங்கி வந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். புகைக்குள் குதித்து அவள் புருஷனை வெளியே கொண்டுவந்தவன் நான். பாஷை தெரியாததால் அவளிடம் எதையும் விளக்க முடியவில்லை. ஹெலனுக்கு என் பாஷை தெரியும், அவளிடமும் முடியவில்லை.

தபன் அங்கே இருந்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். நாற்பத்தேழு என்று எழுதிக்கொள்ளுங்கள். பூட்டியவனே சொல்கிறேன், இதைவிடப் பெரிய ஆதாரம் கிடைக்காது. அந்த அம்மா உடலை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகட்டும்.

நீங்கள் முதல் நாளே என்னிடம் ஒன்று கேட்டீர்கள். கேட்டில் ஒரு கீறல் இல்லை, ஒரு நசுங்கல் இல்லை. பதினான்கு ஆண்கள், சாகப்போகிறவர்கள், ஏன் யாரும் கேட்டை உதைக்கவில்லை, ஏன் அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் சத்தம் கேட்கவில்லை என்று. தெரியாது என்றேன். உள்ளே குதித்தவன் நான் ஒருவன்தான், பிழைத்தவர்களும் ரயில் ஏறிவிட்டார்கள், அதனால் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்று இங்கே வேறு யாருக்கும் தெரியாது. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்திருந்தார்கள் மேடம். ஏழு வரிசை. பாதிப் பேர் முன்னால் இருந்தவர் முதுகில் சாய்ந்திருந்தார்கள்.

புகையைப் பார்த்ததும் திறந்தேன் என்று சற்றுமுன் சொன்னேன். 'பார்த்ததும்' என்ற வார்த்தையை ரைட்டர் அடித்துவிடட்டும்.

புகை வந்தபோது நான் கேட்டுக்கு வெளியேதான் நின்றிருந்தேன். சாவி கையில் இருந்தது. மெல்லிய புகைதான், எண்ணெய் தீய்ந்த மாதிரி. ஆபீசர் அப்போதுதான் போன் செய்திருந்தார். "ரயில்வே கேட் போட்டுட்டாங்க யேசுதாஸ், அஞ்சு நிமிஷம்" என்றார். என் குரல் கேட்டு உள்ளேயிருந்து தபன் கூப்பிட்டான். கத்தவில்லை. "யேசு சார், புகை வருது. கேட் திறங்க சார்."

இப்போது திறந்தால் எல்லோரும் தைலத்தோப்புக்குப் போய்விடுவார்கள். நாலாவது முறையும் ஆறு பேர், நான்கு கட்டில். அஞ்சு நிமிஷம் பொறு தபன், ஆபீசர் வந்துகொண்டிருக்கிறார் என்றேன். ஒத்திகையில் உட்காருகிற மாதிரி எல்லோரையும் உட்காரவை, துணியை மூக்கில் வைத்துக்கொண்டு தலையைத் தாழ்த்திக்கொள்ளச் சொல், யாரும் சத்தம் போட வேண்டாம் என்றேன். புகையில் செய்ய வேண்டிய சரியான முறை அதுதான். "சரி சார்" என்றான். அவன் பாஷையில் மற்றவர்களுக்குச் சொன்னான். அவர்கள் உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு நான் கேட்காமலே, நான் சொல்லிக்கொடுத்த தமிழில் எண்ணினான். "பதினாலு, சார்" என்றான்.

ஃபோம் மூட்டையில் தீ பிடித்தால் மனிதனுக்கு எத்தனை மூச்சு மிச்சம் என்று எனக்குத் தெரியும். இருபத்தாறு வருடம் அதைத்தான் பாடம் எடுத்தேன். கேட்டின் அடியில் மஞ்சள் புகை வருவதையும் பார்த்தேன். ஆனால் பதினான்கு என்பது குறைவாகப் பட்டது மேடம். தப்பாக எண்ணியிருப்பான் என்று நினைத்தேன். இன்னொரு தடவை எண்ணு என்றேன்.

எண்ணினான். ஆறு வரைக்கும்தான் கேட்டது.