பத்துப் பேர் கிடைக்காத பிரார்த்தனை

தலைமை நாற்காலியைத் தனக்கென்று கேளாமல், தந்தபின் தட்டாமல் அமர்ந்திருக்கும் திண்டிவனம் மாலைக் கல்விக் கழகத் தலைவர், பெரியவர் சுப்பராயலு அவர்களே. இதுவரை என்னைக் கடிகாரம் காட்டி மிரட்டாத பொருளாளர் அவர்களே. ஓமந்தூரிலிருந்து வண்டி கட்டி வந்திருக்கும் உழவர் பெருமக்களே. மில்லில் மல்லாட்டைக் கடலை உடைத்துவிட்டு, முந்தானைத் தூசைத் தட்டவும் நேரமின்றி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே. பேச்சு நன்றாயிருந்தால் உள்ளே வரலாம், இல்லையேல் பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்திருக்கும் நண்பர்களே. உங்கள் அனைவருக்கும் இந்த மாசிலாமணியின் வணக்கம்.

இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்காம் ஆண்டின் விழாவிலே என்னை வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். நான் வாழ்த்த வரவில்லை. வாதாட வந்திருக்கிறேன். இன்று நிறைவேற இருக்கும் ஐந்தாம் தீர்மானம் என்ன சொல்கிறது? யூத மக்களின் நூல்கள், மரபுகள் பற்றிய ஞாயிறு வகுப்பை இத்துடன் நிறுத்திவிடலாம் என்று சொல்கிறது. காரணம்? வகுப்பு என்றால் குறைந்தது இரண்டு பேராவது படிக்க வேண்டும் என்பது நம் கழகத்தின் விதி. அந்த வகுப்பிலே இன்று இருப்பது ஒரே ஒருவன். அந்த ஒருவன் நான்தான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தவறில்லை. ஆறு மாதமாக ஞாயிறுதோறும் மாடியறையைத் திறக்கிறேன். பாயை விரிக்கிறேன். ஒருவனாக உட்காருகிறேன், ஒருவனாகப் படிக்கிறேன், ஒருவனாகப் பூட்டிக்கொண்டு இறங்குகிறேன். வீட்டுக்குப் போனாலும் நான் தனிக்கட்டைதான். வீட்டுத் தனிமை பழகிவிட்டது, அந்த மாடியறைத் தனிமை மட்டும் எனக்குப் பழகவே மாட்டேன் என்கிறது.

ஐந்து ஆண்டுகளுக்கு முன்னே இந்த வகுப்பு எப்படிப் பிறந்தது? உலகத்து மக்களையெல்லாம் ஒவ்வொரு மாதமாகப் படித்துக்கொண்டு வந்தோம். யூதர்கள் முறை வந்தது. கற்றுத்தர ஆளில்லை. மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை மூட்டைக்குத் தராசு பிடிக்கும் தாண்டவராயன், "அவங்கல்லாம் சீமைக்காரங்க, மெட்ராசுல தேடினாதான் கெடைப்பாங்க" என்றார். தேடினோம். மெட்ராசுக்குப் போகவே வேண்டியிருக்கவில்லை. விழுப்புரம் ஜங்ஷன் பார்சல் ஆபீசிலே, நம் ஊர் மூட்டைகளுக்கு ரசீது எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் எலியாஸ். கொச்சியிலே பிறந்தவர். அவருடைய முன்னோர்கள் கப்பலேறி வந்து, எத்தனையோ தலைமுறை அந்தக் கரையிலே வாழ்ந்த யூதர்கள்.

பெயர் எலியாஸ் என்பதால் ஊரே அவரைக் கிறிஸ்தவர் என்று முடிவு கட்டியிருந்தது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் நம் லூர்துமேரி அம்மாள், கிறிஸ்துமஸ் தவறாமல் ஒன்பது ஆண்டு அவருக்கு அதிரசமும் முறுக்கும் அனுப்பியிருக்கிறார். உண்மை தெரிந்தபோது அந்த அம்மாள் வெட்கத்தோடு, "ஏன் சார், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

"நீங்க விசாரிக்கலியேம்மா. பலகாரமும் நல்லா இருந்துது" என்றார் எலியாஸ்.

ஒன்பது ஆண்டு. மூட்டை அனுப்பும்போதெல்லாம் பார்த்த மனிதர். போகும்போதெல்லாம் பேசிய மனிதர். நீ யாரப்பா, எந்த ஊர், யாரை விட்டுவிட்டு வந்தாய் என்று ஒருவராவது கேட்டோமா? ஒரு டம்ளர் காப்பி வாங்கிக் கொடுத்து உட்காரவைத்து விசாரித்தோமா? ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிற நானும் கேட்கவில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

கேட்டபோது சொன்னார். இன்றைக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னே அவருடைய அண்ணன், தம்பி, மாமன், மச்சான், தெருவோடு எல்லோரும் இஸ்ரேலுக்குக் கப்பலேறினார்கள். அவருடைய மனைவி லேயாவுக்கு இருதய நோய், கப்பல் தாங்காது. அவருக்காக இவர் தங்கினார். இரண்டே ஆண்டில் அந்த அம்மாளும் போய்விட்டார். அதன்பிறகும் தம்பி கடிதம் போட்டுக் கூப்பிட்டார். "போயிருக்கலாமே சார்?" என்றார் தாண்டவராயன். "அவள கொச்சி மண்ணுல தனியா வச்சிட்டு நான் எங்கப்பா போறது?" என்றார் இவர்.

சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள். அதற்காக யாருக்கும் பிடிக்காத ஞாயிற்றுக்கிழமைப் பகல் வேலையை எலியாஸ் கேட்டு வாங்கிக்கொள்வார். வேலை முடிந்ததும் பாசஞ்சர் ரயிலேறித் திண்டிவனம் வருவார். அந்த ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளிக்கிழமைப் பொழுது சாயும்முன் வீட்டுப் பெண்கள் ஏற்ற வேண்டிய விளக்கைத் தாமே ஏற்றி, தாமே பாடி, தாமே உண்டு, தாமே பாத்திரம் கழுவுவாராம். இதை அவர் பாடமாகத்தான் சொன்னார். வகுப்பிலே ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தாய்மார்களே, அவர் எங்களுக்குக் கற்றுத்தந்த முதல் மரபு என்ன தெரியுமா? தனியே படிப்பது படிப்பல்ல என்பதுதான். ஒரு நூல், இருவர், நேருக்கு நேர். ஒருவர் வாசிக்க வேண்டும், மற்றவர் மறுக்க வேண்டும். தலையாட்டுகிறவர் துணையல்ல, தடுத்துக் கேட்கிறவரே துணை. எங்களைச் சோடி சோடியாக உட்காரவைத்தார். தாண்டவராயனுக்கும் லூர்துமேரி அம்மாளுக்கும் நடந்த வாக்குவாதத்திலே கீழேயிருந்த சைக்கிள் கடைக்காரர் சண்டை என்று எண்ணி மேலே ஓடிவந்திருக்கிறார். பதினைந்து பேரில் சோடியில்லாமல் மிஞ்சியவன் நான். "உங்களுக்கு நான் இருக்கேன், வாங்க" என்றார் எலியாஸ். என் நாற்பத்தெட்டு வயதிலே எனக்கு அப்படிச் சொன்ன முதல் மனிதர் அவர்தான்.

அவர் மனைவி லேயா அம்மாளின் நினைவுநாள் வந்தது. அவர்கள் மரபிலே இறந்தவருக்காகச் சொல்லும் பிரார்த்தனை ஒன்று உண்டு. அதைத் தனியே சொல்லக் கூடாது. பத்து ஆண்கள் கூட வேண்டும். "மூணு வருஷமா சொல்லல. எங்க போறது பத்துப் பேருக்கு?" என்று பாடத்தின் நடுவிலே சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

தாண்டவராயன் பக்கத்தைத் திருப்பவில்லை. நினைவுநாள் அன்று மார்க்கெட் கமிட்டியிலே ஆள் திரட்டினார். தலைக்குக் குளித்து, திருநீறு பூசி, வெளுத்த வேட்டி கட்டி விழுப்புரத்துக்கு ரயிலேறினோம். பெரியவர்கள் முன்னே துண்டை அக்குளில் இடுக்கிப் பழகிய ஆட்கள் நாங்கள், எலியாஸ் மரபில் தலையை மூட வேண்டுமே என்று அன்று துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வந்தோம். சூரியன் மறையும் நேரம். ரயில்வே குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டினோம்.

"வந்துட்டோம் சார். பத்து ரெட்டைப்படையாச்சேன்னு பதினோரு பேரா கூட்டிக்கினு வந்திருக்கேன். ஜல்தியா ஆரம்பிங்க" என்றார் தாண்டவராயன்.

எலியாஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. நாங்கள் மகிழ்ச்சி என்று நினைத்தோம். என்ன பேதைமை, என்ன பேதைமை. பத்து என்றால் அவர் குலத்தில் பிறந்த, அவர் மறையை ஏற்ற பத்து. நாங்கள் பதினோரு பேர் போயும், அந்தக் கணக்கில் அவர் ஒருவர்தான். ஊரே திரண்டு போய், அவர் எவ்வளவு தனி என்பதை அவர் வாசலிலே நிறுத்திக் காட்டிவிட்டோம்.

எப்படிச் சொல்வார்? மெதுவாகத்தான் சொன்னார். தாண்டவராயன் தலைத் துண்டை அவிழ்க்கப் போனார். "அவுக்காத தாண்டவராயா, உள்ள வா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார் எலியாஸ். "பிரார்த்தனைக்குத்தான் பத்துப் பேர் வேணும். செத்தவங்க பேரால படிக்கிறதும் எங்க வழக்கந்தான். அதுக்கு ரெண்டு பேர் போதும்."

பின்னால் தனியாக வந்து வாசலிலேயே நின்ற லூர்துமேரி அம்மாள், "பொம்பளைங்களும் உக்காரலாமா சார்?" என்றார். "எங்கப்பா இருந்தா ஒத்துக்கமாட்டார். நீங்க உக்காருங்கம்மா" என்றார். அந்த மாலை லேயா அம்மாளின் பெயரால் நாங்கள் படித்தோம், மறுத்தோம், வாதித்தோம். அவர் பிரார்த்தனை சொல்லவில்லை. ஆனால் அன்று அவர் தனியாகவும் இல்லை.

போன ஆவணியிலே மனைவியின் கல்லறையைப் பார்க்கக் கொச்சிக்குப் போனவர் அங்கேயே கண்ணை மூடினார். செய்தி பார்சல் ஆபீசுக்குத் தந்தியாக வந்தது. அவருக்காகச் சொல்ல அங்கே பத்துப் பேர் கிடைத்தார்களா? எழுதிக் கேட்டேன். பதிலில்லை. இன்னொரு கடிதம் எழுதினேன். அதற்கும் பதிலில்லை.

பிறகு ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். தாண்டவராயன் நெய்வேலிக்கு வேலைக்குப் போனார். லூர்துமேரி அம்மாள் மாற்றலாகித் திருச்சிக்குப் போனார். மற்றவர்கள் வாத்தியார் இல்லாத வகுப்புக்கு எதற்கு வருவது என்று நின்றுவிட்டார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. அவர் பெயரால் படிக்க இன்று இரண்டு பேர் இல்லை என்பதுதான் என் துயரம். மனிதர் போனதைத் தாங்கிக்கொண்டேன், இதைத் தாங்க முடியவில்லை.

தாய்மார்கள் பக்கம் யாரோ எழுந்திருக்கிறீர்கள். மில்லில் வேலை செய்யும் கோவிந்தம்மாளா? பேசுங்கள் அம்மா. அவரை உட்காரச் சொல்லாதீர்கள்.

"அந்தாளும் போய்ட்டாரு. அவரு ஜனம் இங்க ஒருத்தருமில்ல. அந்தப் படிப்பு சோறு போடுமா, மழை பெய்யவைக்குமா? யாருக்கோசரம் அதப் படிச்சிக்கினு கெடக்கிறீங்க?"

கேட்டீர்களா சபையோரே? சத்தம் போடாதீர்கள். அந்த அம்மாளை அடக்காதீர்கள். ஆறு மாதமாக அந்த மாடியறையிலே நான் வாசித்த ஒரு வரியையும் யாரும் மறுக்கவில்லை. ஒரு சொல்லையும் யாரும் தடுக்கவில்லை. சுவர் தலையாட்டியது, நான் படித்தேன். இதோ ஒருவர் தடுத்துவிட்டார்.

கோவிந்தம்மாள், உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உண்மையாகவே இல்லை. வாருங்கள், ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு உட்கார்ந்து சேர்ந்து தேடுவோம். என்ன சொல்கிறீர்கள்?

"எனக்கு எழுத்து தெரியாதுங்களே."

வாசிக்க நான் இருக்கிறேன் அம்மா. மறுக்கத்தான் ஆள் இல்லை.

"மறுக்கறதுதானே? அது நல்லா வரும். வர்றேன்."

இந்தச் சிரிப்பு அடங்கட்டும். எளிய மனிதனான என் வாதத்தைப் பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், ஒரு காலை வெளியே வைத்திருந்து பின் உள்ளே வந்துவிட்ட நண்பர்களுக்கும், எல்லோரையும்விட, எழுந்து நின்று கேட்ட அந்தத் தாய்க்கும் என் நெஞ்சின் நன்றி. தலைவர் அவர்களே, ஐந்தாம் தீர்மானத்தை அடித்துவிடுங்கள், வகுப்பில் இரண்டு பேர் இருக்கிறோம். வணக்கம்.