பெரிய வெள்ளி வரிசை

பெரிய வெள்ளிக்கு அடுத்த நாள் காலை. கற்பிட்டியிலிருந்து புத்தளம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவர் ஜன்னலில் தலையைச் சாய்த்தபடி சொன்னதைக் கேட்டு, கையிலிருந்த போனை அணைத்துவிட்டேன்.

“அவன் வாய் வைச்ச இடத்திலதான் நானும் வாய் வைச்சனான்.”

“ஆர் அக்கா?”

“குடிவெறியில போட் ஓட்டி, என்ட மகனைக் கடலில விட்டிட்டு வந்தவன். நேற்று கோயில்ல, சிலுவையில யேசுவின்ட காலை முத்தி செய்யிற வரிசையில எனக்கு முன்னால நிண்டான்.”

“நீங்க விலகியிருக்கலாமே.”

“களைச்சுப் போனன் பிள்ளை. எத்தினை வருஷம்தான் விலகுறது.”

நுரைச்சோலையில் பஸ் நின்று ஆட்களை ஏற்றியது.

“யேசு அவனுக்காகவும்தான் செத்தவர் எண்டு சுவாமி பிரசங்கத்தில சொன்னவர். அப்ப என்ட பிள்ளை ஆருக்காகச் செத்தவன்?”

இளையவர், “ஒவ்வொருத்தரும் முத்தி செய்த பிறகு துணியால துடைக்கிறவைதானே அக்கா” என்றார்.

“சுவாமி துடைக்க வந்தவர். யேசுவின்ட காலில அவன்ட கண்ணீர் ஈரமாக் கிடந்தது. நான்தான் சுவாமியின்ட கையைப் பிடிச்சு, இருக்கட்டும் எண்டனான்.”