கல்வராயன் மலையில் பெயர்களைக் கூப்பிட வைத்த இட்செல் பாரியெந்தோஸ்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓவிய ஆசிரியர் செழியன் ஐயா அவர்களே! இட்செல் அம்மாவின் படத்துக்கு முதல் மாலை போட்ட ராணியம்மாள் அவர்களே! காலைப் பேருந்தைப் பிடித்து வெள்ளிமலையிலிருந்தும் கரியாலூரிலிருந்தும் இறங்கி வந்திருக்கும் என் மலைச் சனங்களே! திருநாவலூரிலிருந்தும் எலவனாசூர்கோட்டையிலிருந்தும், இட்செல் அம்மாவை ஒருமுறைகூடப் பார்த்திராமல், அவருக்காக வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! மண்டப வாசலில் நின்றபடி, உள்ளே வராமல், இங்கே யார் யார் பேசுகிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருப்பவர்களே! உங்களுக்கும் சேர்த்தே என் வணக்கம்.

என் பெயர் ரம்யா. மலைக்காரி. கள்ளக்குறிச்சிக்கு வந்து கல்லூரியில் ஆங்கிலம் படித்தேன். அந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு இட்செல் அம்மாவுக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசினேன். அதோ, ராணியம்மாள் மடியில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள் என் மகள் சுபஸ்ரீ. அவளுடைய அப்பா, கூலி வேலைக்கு ஆள் பிடிக்கும் ஒரு மேஸ்திரியோடு வெளியூர் போனபோது இவள் இன்னும் குப்புற விழவில்லை. இப்போது ஓடுகிறாள். அவர் வரவில்லை. போனும் இல்லை.

அவர் பெயரை ஒலிபெருக்கியில் நான் சொல்லலாமா, கூடாதா? சொன்னால் அவருக்கு என்ன ஆகும்? சொல்லாவிட்டால் என்ன ஆகும்? இந்த மேடையை விட்டு இறங்குவதற்குள் இதற்கு நான் ஒரு பதில் கண்டாக வேண்டும். இரங்கல் கூட்டத்தில் இவள் ஏன் தன் வீட்டுக் கதையைப் பேசுகிறாள் என்று நினைக்காதீர்கள். இட்செல் அம்மா செய்த வேலை என்னவென்று தெரிந்தால் அது உங்களுக்கே விளங்கும்.

அவர் மெக்சிகோ நாட்டின் தெற்கே ஒரு மலையூரில் பிறந்தவர். அப்பா, கூரையில் குழாய் ஒலிபெருக்கி கட்டிய வண்டியை ஓட்டினார். கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது, சந்தை கூடுகிறது என்று ஊர் ஊராக அறிவிக்கும் வண்டி. சந்தையில் பிள்ளையைத் தொலைத்த தாய் முதலில் அந்த வண்டியைத் தேடித்தான் ஓடி வருவாளாம். அப்பா வண்டியை நிறுத்திவிட்டு மைக்கைத் தன் மகளிடம் கொடுப்பார். குழந்தை பெயரைக் குழந்தை குரலில் சொன்னால் அது சீக்கிரம் திரும்பிப் பார்க்குமாம்! அவருடைய முதல் கலை அதுதான், ஐயா. தொலைந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது.

பிறகு தலைநகரத்தில் கலைக் கல்லூரி. முதலில் ஓவியம், அப்புறம் வீடியோ, அப்புறம் ஒலி, அப்புறம் எல்லாவற்றையும் ஒரே அறைக்குள் கொண்டுவந்தார். பல்லூடகக் கலைஞர் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த நாட்டில் வீட்டை விட்டுப் போய்த் திரும்பாதவர்கள் ஏராளம். அவர்களுடைய வீடுகளிலிருந்து சாப்பாட்டு மேசைகளை இரவல் வாங்கி வந்து காட்சிக்கூடத்தில் வைத்தார். மேசைக்கு அடியில் சின்னச் சின்ன ஒலிபெருக்கிகள். நீங்கள் முழங்கையை ஊன்றி உட்கார்ந்தால் அந்த வீட்டின் சாப்பாட்டுச் சத்தம் கேட்கும். கரண்டி, தட்டு, இருமல், நாற்காலி இழுக்கும் சத்தம். ஒரு நாற்காலி மட்டும் இழுபடாது. உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்களாம்.

அடுத்து, காணாமல் போன பிள்ளைகளைத் தேடும் தாய்மார்களை வீடியோ எடுத்தார். அந்தத் தாய்மார்கள் கையில் நீளமான இரும்புக் கம்பி இருக்கும். பொட்டல் காட்டில் கம்பியை மண்ணுக்குள் இறக்கி, உருவி, நுனியை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார்கள். ஏன் மோந்து பார்க்கிறார்கள்? நான் சொல்லப்போவதில்லை. அவர் எனக்கு விளக்கியபோது நான் சுபஸ்ரீயைத் தூக்கி மார்போடு இறுக்கிக்கொண்டேன். அதை எங்கள் பெண்களுக்கு மொழிபெயர்க்கவும் இல்லை. "இன்னாடி சொல்லுது அந்தம்மா?" என்று ராணியம்மாள் கேட்டார். "தோட்ட வேலைய பத்தி சொல்றாங்க" என்று சொல்லிவிட்டேன்.

அந்த வீடியோ பல நாடுகளுக்குப் போனது. பரிசுகள் வந்தன. கூடவே வீட்டு ஜன்னலுக்குக் கல்லும் வந்தது. கொச்சியில் நடந்த ஒரு கண்காட்சிக்கு அவர் வந்தபோதுதான் நம்முடைய செழியன் ஐயா அவரைப் பார்த்தார். "எங்க மலையிலயும் ஒரு நாற்காலி இழுபடாத வூடுங்க நெறைய இருக்குதும்மா, ஒரு நட வந்து பாருங்க" என்றார். நம்புவீர்களா? வந்துவிட்டார்!

வந்தவரைப் பார்த்து எங்கள் ஊரே ஏமாந்துபோனது. "ஃபாரின்னு சொன்னீங்க, நம்ம கச்சிராப்பாளையத்துப் பொம்பள மாதிரி இருக்குது?" என்றார் ராணியம்மாள். களி தின்றார், கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மிளகாய் தொக்கையும் தின்றார். மரியாதைக்கு 'ங்க' சேர்க்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு, தோட்டத்தில் மேய்ந்த ஆட்டைப் பார்த்து "போங்க, போங்க" என்றார். "ஆட்டுக்கு இன்னா மரியாத! எம் மருமவ எனக்குக்கூட இம்மாம் மரியாத குடுத்ததில்லடி" என்று ராணியம்மாள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! மகன் சடையன் அதே மேஸ்திரியோடு போய்த் திரும்பாமல் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

இட்செல் அம்மா யாரிடமும், எப்போது போனான், யார் கூட்டிப்போனது என்று கேட்கமாட்டார். ஒன்றே ஒன்றுதான் கேட்பார். "சாப்பாட்டுக்கு அவரை எப்படிக் கூப்பிடுவீங்க?" எங்கள் மலையில் வீடு ஒரு சரிவில், காடு எதிர்ச்சரிவில். போனில் சிக்னல் கிடையாது. வாயருகே கையைக் குவித்துக் கூப்பிட்டால்தான் ஆள் வரும். ஒவ்வொரு வீட்டுக் கூப்பாடும் ஒரு மாதிரி. அதையெல்லாம் பதிவு செய்தார். மைக் செட் பழனியை வரவழைத்து, மலை உச்சி மரத்தில் குழாய்களைக் கட்டி, ஒரு பொழுது சாயும் நேரத்தில் சோதனைக்குப் போட்டுப் பார்த்தார்.

பெரியோர்களே, அங்கேதான் ஒரு தவறு நேர்ந்தது. வெளியூர் போன ஆள் திரும்பி வந்தால், மேலே இருந்து முதலில் பார்க்கிறவர் அவன் பெயரைச் சொல்லிக் கூவுவது எங்கள் வழக்கம். அதைக் கேட்டு வீட்டார் வெளியே ஓடி வருவார்கள். இது எங்களுக்கு மூச்சு விடுவது போல. இதைப் போய் ஒருவருக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

குழாயில் "டேய் சடையா! சடையாவ்!" என்று கேட்டது. கீழே மரவள்ளிக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த ராணியம்மாள் நிமிர்ந்தார். அது அவருடைய குரல்தான். ஆனால் தன் குரல் வெளியிலிருந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? யாரோ பார்த்துவிட்டார்கள், பிள்ளை வந்துவிட்டான் என்று நினைத்தார். களைக்கொட்டைப் போட்டுவிட்டுச் சரிவில் ஏறி ஓடி வந்தார். முழங்காலில் ரத்தம். "எங்க? எந்தப் பக்கமா வந்துக்கினு இருக்கான்? கூட யாரு? நடந்து வர்றானா, தூக்கினு வர்றாங்களா?" என்று கேட்டார். பழனி ஆம்ப்ளிபயரை நிறுத்தினார். நான் மொழிபெயர்க்கவில்லை. எதை மொழிபெயர்ப்பது?

இட்செல் அம்மா அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டார். அன்றே பதிவுகளை அழித்தார். மெக்சிகோ காட்சிக்கூடம் ஒன்று அந்த வேலைக்காகக் காத்திருந்தது. வராது என்று சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து இட்செல் அம்மாவே ராணியம்மாளின் காட்டுக்குப் போய்க் களை வெட்டினார். ராணியம்மாள் பேசவில்லை, விரட்டவும் இல்லை. பாதி களையோடு பாதி மரவள்ளியையும் அவர் வெட்டிச் சாய்த்த பிறகுதான், "அம்மா தாயே, உன் கோவத்த எம் பயிருமேல காட்டாதம்மா" என்று களைக்கொட்டைப் பிடுங்கினார்.

ஆனால், நண்பர்களே, அந்தக் கூப்பாடு வேறொரு காதிலும் விழுந்திருந்தது. அதுவரை கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்த மேஸ்திரி, தானே ராணியம்மாள் வீட்டுக்கு வந்தான். "இன்னாத்துக்கு ஊரு கேக்க அவன் பேர சொல்லிக்கினு இருக்கிற? எனக்கு இன்னா, நான் ஒரு மிளகுத் தோட்டத்துல வுட்டுட்டு வந்தேன்" என்று இடத்தையும் சொல்லிவிட்டான். செழியன் ஐயாவும் பழனியும் போனார்கள். சடையன் வந்தான்; என் வீட்டுக்காரர் அந்தத் தோட்டத்தில் இல்லை. இந்த மண்டபத்துக்கும் வந்திருக்கிறான். அவனைத் திரும்பிப் பார்க்காதீர்கள், யாராவது பார்த்தால் அவனுக்கு உடம்பு உதறுகிறது. வீட்டுக்குள் படுக்க மாட்டேன் என்கிறான். அங்கே என்ன நடந்தது என்று அவன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பெண்களே இட்செல் அம்மாவைத் தேடிப் போனார்கள். "பதிவு வேணாம்மா. கொழாவ கட்டு. நாங்களே கூப்புடறோம்." அன்று தொடங்கியதுதான் வெள்ளிக்கிழமைக் கூப்பாடு. காட்சிக்கூடம் இல்லை, டிக்கெட் இல்லை, மேடை இல்லை. உலகம் பார்த்த ஒரு கலைஞர் தன் கடைசி வேலையாக ஒரு ஆம்ப்ளிபயரின் பக்கத்தில் உட்கார்ந்து வயரைப் பிடித்துக்கொண்டிருந்தார். மைக்கைப் பெண்கள் பிடித்தார்கள்.

தாய்மார்கள் மளமளவென்று கூப்பிட்டார்கள். மனைவிமார் வந்து நின்றபோது ஒரு சங்கடம். புருசன் பெயரை எந்தப் பெண் சொல்லியிருக்கிறாள்? "பாப்பா அப்பாவ்!" என்று ஒருத்தி கூப்பிட்டாள். மலையில் எத்தனை பாப்பா, எத்தனை அப்பா? யாரைத் தேடுகிறார்கள் என்று தெரியாமல் மேஸ்திரிக்கு எப்படிப் பயம் வரும்? பெயர் சொன்னால்தான் பயம் வரும். ஒவ்வொருத்தியாகக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்கள். மைக் என்னிடம் வந்தது. பட்டதாரியான நான், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

வெட்கம் என்று எல்லோரும் சிரித்தார்கள். வெட்கமில்லை, தாய்மார்களே. அதற்கு முன்னால்தான் மேஸ்திரி என் வீட்டுக்கு வந்திருந்தான். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த சுபஸ்ரீயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பேசினான். "பாப்பா நல்லா வளந்துக்கினு இருக்குது. வூட்டுக்காரரு வந்துடுவாரும்மா, கவலப்படாத. நீ மட்டும் அந்தக் கொழாவுல பேர கீர சொல்லிடாத. சொன்னா அவருக்குத்தான் கஷ்டம்." அவன் பேசி முடிக்கும்வரை நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தையைப் பிடித்திருந்த அவன் கையையே பார்த்தேன். அவன் குழந்தையைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்கிக்கொண்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அன்றிலிருந்து நாய் குரைத்தால் குழந்தையைத் தூக்குகிறேன். பைக் சத்தம் கேட்டால் கதவைச் சாத்துகிறேன்.

இட்செல் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "பயப்படாதே" என்று அவர் சொல்லவில்லை. தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். காணாமல் போன ஓர் இளைஞனின் பெயரை அறிவித்ததற்காக ஒருமுறை யாரோ அவர் வண்டிக் குழாயை உடைத்துப் போட்டார்களாம். வேறு குழாய் வாங்கிக் கட்டிக்கொண்டு மறுபடியும் போனாராம். "தைரியமாகவா?" என்று கேட்டேன். "இல்லை, குரல் நடுங்கியது. ஒலிபெருக்கி அந்த நடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கியது. ஊரே கேட்டது" என்றார்.

பிறகு இட்செல் அம்மா நுரையீரல் நோய் முற்றித் தன் ஊருக்குப் போனார். போன மாதம் அவருடைய தங்கை செழியன் ஐயாவைப் போனில் அழைத்தார். இட்செல் அம்மா இல்லை. கடைசி நாட்களில் பேச்சு வரவில்லையாம். எத்தனை பேரைக் கூப்பிட வைத்த குரல்! அவருக்கு என்ன கைம்மாறு செய்வது? சிலையா? மலர் வளையமா?

குழாய்கள் பழனியிடம் பத்திரமாக இருக்கின்றன. இட்செல் அம்மா போனதிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் மலை அமைதியாக இருக்கிறது. யார் அந்த அமைதியை விரும்புகிறார்கள் என்று வாசலில் நிற்கிறவர்களுக்குத் தெரியும். நான் பேசாமல் இருந்து பார்த்துவிட்டேன், ஐயா. சொன்ன சொல் கேட்டு, வாயைப் பொத்திக்கொண்டு இருந்து பார்த்துவிட்டேன். என் மகள் நிற்கப் பழகினாள், நடக்கப் பழகினாள். அவர் வரவில்லை. பேசாமல் இருந்தால் அவர் பத்திரமாக இருப்பார் என்று எனக்கு யார் சொன்னது? அவரைக் கூட்டிப்போனவன் சொன்னான்! அவன் சொன்னதையா நான் இத்தனை நாளாக நம்பிக்கொண்டிருந்தேன்?

ராணியம்மா, பாப்பாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். என்னால் இப்போது அவளைப் பார்க்க முடியாது. பார்த்தால் பேச்சு வராது.

இட்செல் அம்மா, உங்கள் வேலை நிற்காது. வரும் வெள்ளிக்கிழமை குழாய் கட்டுகிறோம். ஆம்ப்ளிபயர் பக்கத்தில் நான் உட்காருகிறேன். இது இந்தச் சபை அறிய நான் கொடுக்கும் வாக்கு. ஆனால் வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருந்தால் நான் பயந்து பின்வாங்கிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் இப்போதே.

அன்புச்செல்வன்!

என் வீட்டுக்காரர் பெயர் அன்புச்செல்வன். கல்வராயன் மலை. வலது புருவத்தில் தழும்பு இருக்கும். மிளகு பறிக்கிற வேலை என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். பார்த்தவர்கள் சொல்லுங்கள். கூட்டிப்போனவன் சொல்லட்டும்.

அன்புச்செல்வன்! அன்புச்செல்வாவ்! நான்தான் ரம்யா கூப்புடறேன். சோறு ஆக்கி வச்சிருக்கேன், வா!

என் குரல் நடுங்குவது வாசல் வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

மைக்கை அணைக்காதீர்கள், பழனி அண்ணே. அடுத்து யார் வருகிறீர்கள்?