காத்தாயி கசக்க வச்ச உப்பு

ரொம்பக் காலத்துக்கு முந்தி, கடலோரம் ஆலங்குழின்னு ஓர் ஊராம். ஊரே உப்பு விளைவிக்கிற ஊரு. அங்க காத்தாயின்னு ஒருத்தி, புருசன் இல்லாதவ. ரெண்டு பொம்பளப்புள்ளைக, ஒரே பாத்தி. அதுல விளையிற உப்புதான் சோறு.

அந்த வருசந்தான் வடக்கேருந்து பெரும்படை இறங்குச்சாம். எதிர்த்து ஒரு படை நின்னுச்சாம். ரெண்டு பேரும் சாமி பேரைச் சொல்லித்தான் வெட்டிக்கிட்டாங்களாம். சாமியைக் கேட்டாங்களா என்ன! கோயில் கோயிலா ஐம்பொன் சிலைகளை உருக்குறாங்கன்னு சேதி வந்துச்சு. ஆலங்குழிக் கோயில் ஆத்தாளும் ஐம்பொன் சிலைதான். ஊரே பயந்து கூடிருச்சு.

நாட்டாமை மீசையை முறுக்கிக்கிட்டுச் சொன்னாராம்: "ஆத்தாளை உப்பு அம்பாரத்துக்குள்ள வைங்கடா! உப்பை எவன்டா திருடுவான்?"

ஒரு வருச உப்பையும் விக்காமக் குவிச்சு வச்சிருந்ததால, இருக்கிறதுலயே பெரிய அம்பாரம் காத்தாயியோடது. அதுக்குள்ள ஆத்தாளை வச்சு, மேல ஓலை போட்டு மூடிட்டாங்க. படைன்னா குதிரை இருக்கும், குதிரைக்கு உப்பு வேணும்னு அந்தப் பெரிய மனுசனுக்குத் தோணவே இல்ல!

ஒரு நாள் உச்சி வெயில்ல வந்துட்டாங்கய்யா வந்துட்டாங்க! குதிரை, சாக்கு, கூச்சல். தெக்குக் கடைசியிலேருந்து ஒவ்வொரு அம்பாரமா அள்ளுறாங்க. அள்ளிக்கிட்டே வர்றாங்க.

பாத்தா காத்தாயி. எடுத்தா குடத்தை. உப்பெடுத்தப்பறம் மிஞ்சுற கசப்புத் தண்ணி வாய்க்கால்ல நிக்கும் பாருங்க, அதை மோந்தா. ஓலையைப் பிச்சு எறிஞ்சு அம்பாரத்து மேல ஊத்துறா, ஊத்துறா, ஊத்திக்கிட்டே இருக்கா!

மூத்தவ அலறுறா: "அம்மா! நம்ம உப்பும்மா! ஒரு வருசச் சோறும்மா!"

"ஊத்துடி! சோறு போனா போவுது. ஆத்தா போனா வருவாளா?"

அதுக்குள்ள படைத்தலைவன் வந்துட்டான். கூட வந்த தமிழ்க்காரன் கேட்டான்: "ஏய், என்ன ஊத்துற?"

"புழுதி அடங்கத் தெளிக்கிறேன் சாமி. நல்ல உப்பு, அள்ளிக்கங்க!" சிரிச்சுக்கிட்டே ஒரு கை அள்ளிக் குதிரை வாயில நீட்டுனா.

நக்குச்சு பாருங்க குதிரை! ப்ர்ர்ர்ர்! முன்னங்காலைத் தூக்குச்சு. மேல இருந்த தலைவன் பொத்துன்னு சேத்துல! அவன் எந்திரிச்சு அந்த உப்பை நாக்குல வச்சான். "தூ! தூ! தூ!" மூஞ்சி கோணிப் போச்சு. இந்த ஊரு உப்பே இப்படித்தான்னு நெனச்சு, அள்ளுன சாக்கை எல்லாம் அங்கேயே கொட்டச் சொல்லிட்டுப் போயே போயிட்டானாம்!

ஆத்தா தப்பிச்சா. ஊரு உப்பும் தப்பிச்சுது. காத்தாயி உப்பு மட்டும் மண்ணாப் போச்சு.

ஆத்தாளைத் திரும்பக் கோயில்ல வச்ச அன்னிக்கு, பூசாரி பொங்கலைத் தூக்கிக்கிட்டுக் கருவறைக்குள்ள நுழையுறாரு. நாட்டாமை குறுக்க விழுந்தாராம், கண்ணுல தண்ணியோட: "நில்லுய்யா! முதல்ல காத்தாயி வீட்டுக்குக் கொண்டு போ!"

இன்னிக்கும் ஆத்தா கோயில் பொங்கல் அன்னிக்குப் போய்ப் பாருங்க. மேளம் நிக்கும். பூசாரி காத்தாயி வம்சத்தார் வீட்டு முன்னால தெருவுல நின்னு, "காத்தாயி வீட்டுல சாப்பிட்டாச்சா?"ன்னு கேப்பாரு. "சாப்பிட்டோம்!"னு உள்ளேருந்து குரல் வந்தாத்தான் ஆத்தாளுக்குச் சோறு.